படத்தில் மணல் விழுந்தால் என்ன?

பறவைப் படம் எடுக்கும் மாணவர்கள் பலரிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். படத்தைத் திறந்ததும் அவர்கள் முதலில் பறவையைப் பார்ப்பதில்லை. இரண்டு விரலால் பெரிதாக்கி, பின்னணியில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரிகின்றனவா என்று தேடுகிறார்கள். தெரிந்தால் உடனே தீர்ப்பு வந்துவிடும்: "நாய்ஸ் அதிகம்." (இந்தச் சொல்லைத் தமிழில் எழுதினால் உள்ளே ஒரு நாய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் இந்தக் கட்டுரை முழுவதும் அதை மணல் என்றே சொல்லப்போகிறேன்.)

இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. சிங்கப்பூர்க் காட்டுக்குள் சின்னஞ்சிறு பறவையைப் படமெடுப்பவர் மணலுக்குப் பயப்படக் கூடாது என்பது என் கட்சி. அந்தப் பயம் படத்தைக் கெடுக்கிறது. காசில்லாத மாணவர்களை இந்தப் பொழுதுபோக்கிலிருந்து விரட்டுகிறது. இவை இரண்டையும்விடப் பெரிதாக, பறவைக்கே தொல்லையாகிறது.

கேமரா பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். படத்தின் வெளிச்சத்தை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன. லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, கிடைத்த ஒளியைக் கேமரா எத்தனை மடங்கு உயர்த்திக் காட்டுகிறது. மூன்றாவதைத்தான் ஐஎஸ்ஓ எண் குறிக்கிறது. லென்ஸின் திறப்புக்கு ஓர் எல்லை உண்டு. என்னுடைய 400 மில்லிமீட்டர் லென்ஸ் எஃப் 6.3க்கு மேல் திறக்காது. ஆக, களத்தில் நம் கையில் மிஞ்சுவது ஷட்டர் வேகமும் ஐஎஸ்ஓவும்தான். ஒன்றைக் கூட்டினால் மற்றதையும் கூட்ட வேண்டும்.

கடற்கரையில் நிற்கும் கொக்குக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டுப் பாதையில் நின்று பாருங்கள். மழைக்காட்டின் உச்சியில் விழும் ஒளியில் ஓரிரு விழுக்காடுதான் தரைவரை இறங்குகிறது. நம் கண் அதற்குப் பழகிவிடும், கேமரா பழகாது. காலை எட்டரை மணிக்கு, வெளியே வெயில் ஏறிவிட்ட நேரத்தில்கூட, புதருக்குள் எனக்கு அடிக்கடி கிடைக்கும் அளவு இது: ஐஎஸ்ஓ 800 வைத்தால் 1/50 விநாடி. 1600 வைத்தால் 1/100. 6400 வைத்தால் 1/400.

அந்தப் புதருக்குள் இருப்பது யார்? பெரும்பாலும் 'பின்-ஸ்டிரைப்டு டிட்-பேப்ளர்'. இதற்கு நம்மிடையே வழங்கும் தமிழ்ப் பெயர் எதுவும் என் காதில் விழுந்ததில்லை. கீற்றுச் சிலம்பன் என்று வைத்துக்கொள்வோம். செம்பழுப்புத் தொப்பி, மஞ்சள் சாயல் கொண்ட மார்பு, அதில் பென்சிலால் இழுத்ததுபோல் மெல்லிய கோடுகள். கைக்குள் அடங்கிவிடும். "டொங்க் டொங்க் டொங்க்" என்று ஒரே தாளத்தில் கூவிக்கொண்டு, நாலைந்தாகக் கூட்டம் சேர்ந்து, கொடிகளுக்கு நடுவே தாவித் தாவி இரை தேடும். சிங்கப்பூரின் காட்டோரங்களில் இது அரிய பறவை அல்ல. ஆனால் இதன் தெளிவான படம் அரிது. ஏனென்றால் அது சும்மா இருப்பதே இல்லை.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். என் கேமராவில் 400 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தி, 8 மீட்டர் தொலைவில் உள்ள பறவையைப் படமெடுத்தால், பறவையின் உடலில் ஒரு மில்லிமீட்டர் நீளம் சென்சாரில் ஏறக்குறைய 13 பிக்சல்களை நிரப்பும். அந்தப் பறவை விநாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் தலையை நகர்த்துகிறது என்று வையுங்கள். மிக மெதுவான அசைவு அது. நாம் சாவகாசமாக நடப்பதே அதைவிடப் பத்து மடங்கு வேகம். 1/100 விநாடியில் தலை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். அதாவது கண்ணின் ஒளித்துளி 13 பிக்சலுக்கு இழுபட்டுப்போகும். 1/400 என்றால் மூன்று பிக்சல்தான்.

லென்ஸ் பெட்டியில் அச்சிட்டிருக்கும் "கை நடுக்கத் தடுப்பு" இதற்கு உதவாது. அது நம் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். பறவையின் கழுத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1/50இல்கூட இலையும் கிளையும் கத்தியாகத் தெரியும், நடுவில் பறவை மட்டும் பஞ்சுமிட்டாய்போல் இருக்கும். அத்தகைய படத்தை எடுத்தவர் ஃபோகஸ் தவறியதாக நினைத்து லென்ஸைத் திட்டுவார்.

இப்போது மணல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நான் இயற்பியலை ஆங்கிலத்தில் படித்தவன். தமிழில் இதை விளக்க முயன்றபோதுதான் எனக்கே சரியாக விளங்கியது. மழை தூறும்போது வெளியே நூறு கிண்ணங்களை வரிசையாக வைக்கிறீர்கள். அரை நிமிடத்தில் எடுத்துவிட்டால், ஒன்றில் எட்டுத் துளி, இன்னொன்றில் பதினான்கு, அடுத்ததில் பதினொன்று என்று தாறுமாறாக இருக்கும். ஒரு மணி நேரம் விட்டால் எல்லாக் கிண்ணமும் ஏறக்குறைய ஒரே அளவு நிரம்பியிருக்கும். பிக்சல்தான் கிண்ணம், ஒளித்துகள்தான் துளி. சராசரியாக 100 துகள் விழும் இடத்தில் 10 கூடக்குறைய இருக்கும். அது பத்து விழுக்காட்டு வேறுபாடு. 10,000 விழும் இடத்தில் 100 கூடக்குறைய இருக்கும். அது ஒரே ஒரு விழுக்காடு. அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் நம் கண் மணலாகப் பார்க்கிறது.

ஆகவே ஐஎஸ்ஓ எண்ணை உயர்த்துவதால் மணல் கொட்டுவதில்லை. ஒளி குறைவாகக் கிடைத்ததால் ஏற்கெனவே இருக்கும் மணலை அந்த எண் வெளிச்சம்போட்டுக் காட்டுகிறது. ஐஎஸ்ஓவை 800இலேயே பூட்டிவைத்து, இருட்டாக எடுத்து, அப்புறம் கணினியில் வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கும் அதே மணல்தான் கிடைக்கும். சில கேமராக்களில் அதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. 1/100இலிருந்து 1/400க்குப் போனால் கலங்கல் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. ஒளியும் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது என்பது உண்மை. ஆனால் மணல் நான்கு மடங்காகப் பெருகுவதில்லை, இரண்டு மடங்குதான். மேலே சொன்ன 100க்கு 10, 10,000க்கு 100 என்ற கணக்கு செய்யும் வேலை அது. கொடுப்பது குறைவு, பெறுவது அதிகம். சந்தையில் இப்படி ஒரு பேரம் கிடைத்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் விடுவார்களா?

பேரம் எப்போதும் இவ்வளவு லாபமாக இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் 1/2000 வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓ 25,600இல் சுடுவதை நான் ஆதரிக்கவில்லை. சிறு பறவைகள் ஒரே சீராக அசைவதில்லை; வெடுக்கென்று திரும்பும், கணநேரம் உறையும், மறுபடி திரும்பும். அந்த உறையும் கணத்தைப் பிடிக்கத் தெரிந்தவருக்கு 1/125 போதும். ஈப்பிடிப்பான் இன்னும் வசதி. ஒரே கிளையிலிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்துவிட்டுப் பல நேரம் அதே கிளைக்குத் திரும்பும். உட்கார்ந்திருக்கும்போது 1/160இல் தொடர்ச்சியாகப் பத்து இருபது படம் எடுத்தால் இரண்டு மூன்றாவது தேறும். தேன்சிட்டு பூவின் முன் அந்தரத்தில் நிற்கும்போது நிலைமை வேறு. 1/1000இல்கூட அதன் சிறகு கலங்கத்தான் செய்யும். தலை தெளிவாக இருந்தால் அந்தக் கலங்கல் அழகுதான்.

ஷட்டர் வேகத்தைப் பறவையிடம் கேட்டு முடிவு செய்யுங்கள் என்பதுதான் நான் சொல்வது. கேமராவை மேனுவலில் வைத்து, லென்ஸை முழுதாகத் திறந்து, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டுவிடலாம். கட்டைவிரல் ஷட்டர் சக்கரத்தின் மேல் மட்டும் இருக்கட்டும். காட்டுக்குள் நுழையும்போது 1/400. பறவை அடங்கி உட்கார்ந்தால் படிப்படியாக இறங்குங்கள், தாவினால் ஏறுங்கள். ஆட்டோ ஐஎஸ்ஓவுக்குப் பலர் பயத்தில் 1600 என்று உச்சவரம்பு போட்டுவைத்திருக்கிறார்கள். அதை முதலில் எடுங்கள். குறைந்தது 6400, கேமரா கொஞ்சம் புதியது என்றால் 12,800.

"இதெல்லாம் வெறும் ரசனை விஷயம்தானே, மணல் உனக்குப் பிடிக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை" என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். ரசனை மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

வலசைக் காலத்தில் இங்கு வரும் இரண்டு ஈப்பிடிப்பான்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஆசியப் பழுப்பு ஈப்பிடிப்பான். மற்றது பழுப்புக்கீற்று ஈப்பிடிப்பான். இது ஆகஸ்ட் மாதத்திலேயே வரத் தொடங்கிவிடும். இரண்டும் ஒரே அளவு, ஒரே பழுப்பு. பிரித்தறிய உதவும் அடையாளங்களில் முக்கியமானவை அலகின் நிறமும் மார்பில் இருக்கும் மெல்லிய கீற்றுகளும். ஷட்டர் மெதுவாக இருந்து பறவை அசைந்துவிட்டால் கீற்றுகள் கரைந்துபோகும். எந்த மென்பொருளாலும் அவற்றை மீட்க முடியாது. மணல் நிறைந்த படத்திலோ கீற்றுகள் மணலுக்கு அடியில் இருக்கும். உற்றுப் பார்த்தால் தெரியும்.

மூன்றாவது வகைப் படமும் இப்போது வந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மணலைத் துடைக்கும் மென்பொருளில் எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்து ஓட்டிய படம். மார்பு பளிங்குபோல் வழவழவென்று இருக்கும், அல்லது அங்கு இல்லாத இறகுகள் வரிசையாக முளைத்திருக்கும். அளவோடு பயன்படுத்தினால் அந்தக் கருவி நல்ல கருவிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் கீற்று உண்டா இல்லையா என்பதே கேள்வியாக இருக்கும்போது, கீற்றை அழிக்கவோ கற்பனை செய்யவோ கூடிய ஒன்றிடம் பதிலைக் கேட்க முடியாது. நம் படங்கள் இன்ஸ்டகிராமோடு நிற்பதில்லை. ஐநேச்சுரலிஸ்ட், இ-பேர்டு போன்ற தளங்களில் பதிவேற்றினால் அவை தரவு. எந்தப் பறவை, எந்தக் காட்டில், எந்த மாதம் என்று பின்னால் ஒருவர் அதை நம்பி எழுதுவார். அவருக்குத் தேவை உண்மையான படம். அழகு அடுத்தபடிதான்.

இனி காசு விஷயம். மணல் வேண்டாம், வேகமும் வேண்டும் என்றால் கடைக்காரர் ஒரு வழி வைத்திருக்கிறார்: எஃப் 4 திறப்புள்ள 600 மில்லிமீட்டர் லென்ஸ். புதிதாக வாங்கினால் 15,000 வெள்ளிக்கும் மேல். துணைப்பாட வகுப்பு எடுத்துச் சேர்த்த பணத்தில் பழைய கேமராவும் பழைய லென்ஸும் வாங்கிய என்னைப் போன்றவர்களுக்கு அது வேற்றுக்கிரகச் செய்தி. எஃப் 6.3இலிருந்து எஃப் 4க்குப் போனால் திறப்பின் வழியாக இரண்டரை மடங்கு ஒளி கூடுதலாகக் கிடைக்கும். ஐஎஸ்ஓ 6400 இருந்த இடத்தில் 2500 போதும்.

அதே லாபத்தை இலவசமாக அடைய ஒரு வழி உண்டு. 8 மீட்டரில் இருந்த பறவை 5 மீட்டருக்கு வந்தால், சென்சாரில் அது பிடிக்கும் பரப்பளவு இரண்டரை மடங்காகும். 8ஐ 5ஆல் வகுத்து வர்க்கம் போட்டுப் பாருங்கள். பறவையின் உருவத்தை வரைய இரண்டரை மடங்கு ஒளித்துகள்கள் சேர்கின்றன; வெட்டிப் பெரிதாக்க வேண்டிய தேவையும் குறைகிறது. வேறு நன்மைகளும் அந்த லென்ஸுக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மணல் கணக்கில் மட்டும் பார்த்தால், அந்த 15,000 வெள்ளி செய்யும் வேலையை மூன்று மீட்டர் செய்துவிடுகிறது.

மூன்று மீட்டரை நாம் நடந்து கடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இயற்கை வனப்பகுதிகளில் நடைபாதையை விட்டு இறங்கவே கூடாது. பறவைதான் வர வேண்டும். கீற்றுச் சிலம்பன் கூட்டம் ஒரு புதரிலிருந்து அடுத்த புதருக்கு வரிசையாகத்தான் நகரும். அது போகும் திசையைப் பார்த்து, பாதையில் முன்கூட்டியே போய் உட்கார்ந்து, அசையாமல் இருந்தால், பல நாள் நம் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பலகை நடைபாதையில் அடிக்கடி சந்திக்கும் சீன அங்கிள் ஒருவர் பெரிய லென்ஸ் வைத்திருக்கிறார். அவரும் இதையேதான் செய்கிறார். "தம்பி, நீ நடந்தால் பறவை நடக்கும், நீ உட்கார்ந்தால் பறவை வரும்" என்று ஆங்கிலத்தில் அவர் சொன்னதைக் கேட்ட பிறகு மடக்கு நாற்காலி ஒன்றைப் பையில் செருகிக்கொண்டேன். எட்டு வெள்ளி.

காத்திருக்க மனமில்லாதவர்கள் என்ன செய்கிறார்கள்? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. மணலில்லாத படம் வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ குறைய வேண்டும். ஐஎஸ்ஓ குறைய ஷட்டர் மெதுவாக வேண்டும். ஷட்டர் மெதுவானால் பறவை சிலையாக நிற்க வேண்டும். பறவை தானாக நிற்காது. எனவே நிற்க வைக்கிறார்கள். செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய புழுக்களைப் பாசி படர்ந்த ஒரு கட்டையில் வைக்கிறார்கள். கைப்பேசியில் அதே இனத்தின் குரலை ஓடவிட்டு, இல்லாத எதிரியைத் தேடி அது வெளியே வரும்படி செய்கிறார்கள். நடுக்காட்டின் இருட்டில் நேருக்கு நேர் ஃபிளாஷ் அடிக்கிறார்கள். வலசை வந்து களைத்திருக்கும் நீலச்சிறகு பிட்டா ஒன்று தென்பட்டுவிட்டால் போதும், ஒரே கட்டைக்கு முன் பத்துப் பதினைந்து முக்காலிகள் முளைத்துவிடும்.

பிட்டா என்றதும் ஒரு சிறு விலகல். தமிழ்நாட்டில் இதன் உறவுக்காரப் பறவைக்கு ஆறுமணிக்குருவி என்று பெயர். விடியும் வேளையிலும் அந்தி வேளையிலும் குரல் கொடுப்பதால் வந்த பெயர் அது. காட்டில் ஒளி மிகமிகக் குறைந்திருக்கும் நேரம் எதுவோ, அதுவே இந்தக் குடும்பத்தின் சுறுசுறுப்பான நேரம். மணலில்லாமல் அதைப் படமெடுக்க நினைப்பது நிலவொளியில்லாமல் நிலாச்சோறு சாப்பிட நினைப்பதுபோல.

உணவிட்டு அழைப்பது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றம். வனவிலங்குச் சட்டத்தின்கீழ் 2020 முதல், அனுமதியின்றி நாட்டின் எந்த இடத்திலும் காட்டு உயிரினங்களுக்கு உணவிடக் கூடாது. முதல்முறை குற்றத்துக்கு 5,000 வெள்ளி வரை, மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதம். குரங்குகளுக்கு உணவிடுவோரைப் பற்றி மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். பறவையும் அதில் அடக்கம், படத்துக்காக வைத்த புழுவும் அதில் அடக்கம்.

அபராதத்துக்குப் பயந்து இவர்கள் நிறுத்துவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வேர் வேறிடத்தில் இருக்கிறது. மாணவர் போட்டி ஒன்றின் மதிப்பீட்டுத் தாளைப் பார்த்தேன். "படத் தூய்மை" என்று ஒரு கட்டம், அதற்குத் தனி மதிப்பெண். பறவை இயல்பாக இருந்ததா, எப்படி எடுக்கப்பட்டது என்பதற்கு ஒரு கட்டமும் இல்லை. பதினாறு வயதுப் பிள்ளை அந்தத் தாளைப் பார்த்து என்ன கற்றுக்கொள்ளும்? ஐஎஸ்ஓ 10,000இல், கொடிகளின் நடுவே, வாயில் வெட்டுக்கிளியோடு திரும்பிப் பார்த்த சிலம்பனுக்கு மதிப்பெண் குறையும். புழு வைத்த கட்டையில் ஐஎஸ்ஓ 400இல் பதுமைபோல் நின்ற பறவைக்குப் பரிசு கிடைக்கும்.

இன்னொரு வேடிக்கை. ஃபிலிம் காலத்தில் ஐஎஸ்ஓ 400 என்பதே வேகமான ஃபிலிம். செய்திப் படக்காரர்கள் அதை 1600 வரை இழுத்துக் கழுவி, மணல் மணலாகப் பத்திரிகையில் போட்டார்கள். யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நம்முடைய சாதாரண கேமரா இன்று 6400இல் தருவது அதைவிடத் தெளிவு. நாம் பார்ப்பதோ பெரும்பாலும் கைப்பேசித் திரையில். 6,000 பிக்சல் அகலமுள்ள படம் அங்கே ஆயிரத்துச் சொச்சமாகச் சுருங்கும்போது மணலில் பெரும்பகுதி தானாகவே அமுங்கிவிடுகிறது. மணலைத் தேடி நாமே இரண்டு விரலால் பெரிதாக்கினால்தான் உண்டு.

பள்ளி, கல்லூரிப் புகைப்பட மன்றங்களை நடத்தும் அண்ணன்மார், அக்காமாருக்கு என் கோரிக்கை எளியது. அடுத்த போட்டியில் "படத் தூய்மை" கட்டத்தை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் இரண்டு கேள்வி போதும்: பறவை என்ன செய்துகொண்டிருக்கிறது? அதை எப்படிப் படமெடுத்தீர்கள், எத்தனை நேரம் காத்திருந்தீர்கள்? திருத்தப்படாத மூலக் கோப்பையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். ஆகஸ்ட் கடைசியில் பழுப்புக்கீற்று ஈப்பிடிப்பான்கள் வந்திருக்கும். அதற்குள் விதிகளை மாற்றிவிட்டால் இந்த வலசைக் காலத்துப் படங்களையே புதிய தாளில் மதிப்பிடலாம்.